பிளஸ் டூ முடிக்கும் பையன்: சம்பளம் தரும் பாஸ்கெட்பால் அகாடமியா, ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் காலேஜா?

தக்கலை தாய்மாமன்:

எல்லோருக்கும் வணக்கம். விளையாட்டு தெரிந்தவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படித்துப் பதில் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் இப்போது இதுதான் பேச்சு.

என் அக்கா மகன் பிளஸ் டூ படிக்கிறான். வயது 17, உயரம் 6 அடி 5 அங்குலம். ஒன்பதாம் வகுப்பு வரைக்கும் கால்பந்துதான், நம்ம மாவட்டத்தில் பையன்கள் வேறு என்ன விளையாடுவார்கள், பி.டி. சார்தான் உயரத்தைப் பார்த்து பாஸ்கெட்பால் கோர்ட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அதிலிருந்து காலையில் யாரும் எழுப்பவேண்டியதில்லை, தானே எழுந்து ஓடப் போய்விடுவான். இப்போது மாவட்ட டீமில் சென்டர், அதாவது கூடைக்குப் பக்கத்தில் நின்று ஆடுகிற உயரமான ஆள். போன வருஷம் ஸ்டேட் செலக்ஷன் கேம்ப் வரை போனான், கடைசி 12 பேரில் பெயர் வரவில்லை, ஆனால் அங்கே பார்த்தவர்கள் மூலமாகத்தான் இப்போது இரண்டு இடத்திலிருந்து கூப்பிடுகிறார்கள்.

ஒன்று சென்னையில் ஒரு தனியார் காலேஜ். பி.காம். சீட், ஃபீஸ், ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் இலவசம். கையில் காசு தரமாட்டார்கள், ஷூ மட்டும் வருஷத்துக்கு ஒரு ஜோடி. இன்னொன்று வெளிமாநிலத்தில் ஒரு தனியார் அகாடமி. மாதம் 20,000 ரூபாய், தங்க இடம், சாப்பாடு, வெளிநாட்டுக் கோச், ஜிம், மூன்று வருஷ ஒப்பந்தம். படிப்பை அஞ்சல் வழியில் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள். அமெரிக்காவிலேயே நல்ல பிள்ளைகள் காலேஜை விட்டுவிட்டுச் சம்பளத்துக்கு விளையாடித்தான் என்பிஏவுக்கு (அமெரிக்காவின் பெரிய தொழில்முறை பாஸ்கெட்பால் லீக்) போகிறார்கள் என்று ஜேலன் கிரீன் என்ற வீரர் பெயரைச் சொன்னார்கள், நம்ம நாட்டு பிரின்ஸ்பால் சிங்கும் அப்படித்தான் போனார் என்று வீடியோ எல்லாம் காட்டினார்கள்.

அத்தான் குவைத்தில் இருக்கிறார், 'பையன் ஆசைப்படுகிற இடத்துக்குப் போகட்டும்' என்கிறார். அக்காவுக்குக் காலேஜ்தான். பையனுக்கு அகாடமி. இரண்டு பேரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள். என்ன சொல்லட்டும்?

பழைய பாயிண்ட் கார்டு (நாகர்கோவில், இப்போது சென்னை):

அண்ணாச்சி, முதலில் அந்த அமெரிக்கக் கதையை முழுசாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்களுக்குக் காட்டியது அதில் முதல் பாதிதான்.

ஒரு காலத்தில் அங்கே பள்ளிக்கூடம் முடித்த கையோடு என்பிஏவுக்குப் போகலாம். கோபி பிரையன்ட், கெவின் கார்னெட், லெப்ரான் எல்லாரும் அப்படிப் போனவர்கள். 2005இல் போட்ட ஒப்பந்தத்தில் அதை நிறுத்தினார்கள்: டிராஃப்டுக்கு (என்பிஏ டீம்கள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கிற நிகழ்ச்சி) வரவேண்டுமென்றால் 19 வயது ஆகவேண்டும், அமெரிக்கப் பையனாக இருந்தால் பள்ளி முடித்து ஒரு வருஷமும் கழிந்திருக்கவேண்டும். அந்த ஒரு வருஷத்தை எங்கே கழிப்பது என்பதுதான் இந்த விவகாரமே. அப்போதெல்லாம் காலேஜில் விளையாடினால் சம்பளம் கிடையாது. பையனை வைத்து டிவி உரிமை, டிக்கெட், டிஷர்ட் என்று காலேஜ் கோடி கோடியாகச் சம்பாதிக்கும், பையனுக்கு ஸ்காலர்ஷிப் மட்டும். அது அநியாயம் என்று பல வருஷம் சண்டை நடந்தது, எனக்கும் அதில் சந்தேகம் இல்லை. பிராண்டன் ஜென்னிங்ஸ் 2008இல் இத்தாலிக்குப் போய் ரோமில் சம்பளத்துக்கு விளையாடிவிட்டு அடுத்த வருஷம் டிராஃப்டுக்கு வந்தார். லமேலோ பால் ஆஸ்திரேலியாவில் இலவாரா டீமில் ஆடிவிட்டு வந்து 2020இல் 3ஆம் இடத்தில் எடுக்கப்பட்டார்.

பிள்ளைகள் வெளிநாட்டுக்குப் போவதைப் பார்த்துத்தான் என்பிஏ தனக்குக் கீழே புது ஆட்களை வளர்க்க நடத்துகிற ஜி லீக்கிலேயே 2020இல் 'இக்னைட்' என்று ஒரு டீம் ஆரம்பித்தது. முதல் ஆள் ஜேலன் கிரீன், 5 லட்சம் டாலர் அளவில் சம்பளம் என்று செய்தி வந்தது. 2021 டிராஃப்டில் 2ஆம் இடம். அதே டீமிலிருந்து குமிங்கா 7ஆம் இடம். அடுத்து ஸ்கூட் ஹெண்டர்சன் 17 வயதில் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டு 2023இல் 3ஆம் இடம். அட்லாண்டாவில் ஓவர்டைம் எலைட் என்று இன்னொரு கம்பெனி வருஷத்துக்குக் குறைந்தது 1 லட்சம் டாலர் என்று ஆரம்பித்தது, அங்கிருந்து தாம்சன் இரட்டையர்கள் 4, 5 என்று அடுத்தடுத்து எடுக்கப்பட்டார்கள். இதுவரைக்கும் நல்ல கதைதான்.

இரண்டாம் பாதி இது. 2021 ஜூலையிலிருந்து காலேஜ் வீரர்கள் தங்கள் பெயரை, படத்தை வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம் என்று விதி மாறியது. காலேஜிலேயே காசு கிடைக்கும் என்றானதும் முன்னணிப் பிள்ளைகள் திரும்ப காலேஜுக்கே போக ஆரம்பித்தார்கள். இக்னைட் 2023-24 சீசனில் 34 ஆட்டத்தில் 2 தான் ஜெயித்தது, அதோடு டீமையே மூடிவிட்டார்கள். 2025 ஜூலையிலிருந்து அங்கே காலேஜே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம், ஒரு காலேஜுக்கு முதல் வருஷ உச்சவரம்பு ஏறக்குறைய 2 கோடியே 5 லட்சம் டாலர். ஆக இன்றைக்கு ஒருவர் வந்து 'அமெரிக்காவில் காலேஜை விட்டுவிட்டார்கள்' என்று உங்களிடம் சொன்னால், அவருக்கு விஷயம் தெரியாது, இல்லை தெரிந்தே மறைக்கிறார்.

பிரின்ஸ்பால் சிங் கதையையும் சரியாகப் பார்க்கவேண்டும். லூதியானா அகாடமியில் வளர்ந்தவர், 2017இல் என்பிஏ டெல்லி பக்கத்தில் ஆரம்பித்த அகாடமிக்குப் போனார், அங்கிருந்து ஆஸ்திரேலியாவில் உள்ள அவர்களுடைய உலக அகாடமி, அதற்கப்புறம் 2020இல் இக்னைட். ஒவ்வொரு படியிலும் அவரைத் தூக்கிவிட்டது என்பிஏவேதான். 2021இல் என்பிஏ சீசனுக்கு முன்னால் இளம் வீரர்களுக்காக நடக்கிற சம்மர் லீக்கில் கோப்பை ஜெயித்த சாக்ரமென்டோ டீமில் அவரும் இருந்தார், நமக்கெல்லாம் பெருமை. ஆனாலும் என்பிஏ சீசனில் இடம் கிடைக்கவில்லை. 6 அடி 9 அங்குலத்துக்கு மேல் உயரம், பின்னால் என்பிஏ, அப்படி இருந்தும் அவ்வளவுதான் போக முடிந்தது. 2015இல் டல்லாஸ் டிராஃப்டில் எடுத்த சத்னாம் சிங் ஏழடிக்கு மேல், அவரும் ஒரு என்பிஏ ஆட்டம்கூட ஆடவில்லை. பையனின் ஆசையைக் குறைக்க இதைச் சொல்லவில்லை. உங்களிடம் வந்த அகாடமிக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள், மூன்று வருஷம் கழித்து எந்தக் கதவு திறக்கும் என்று கேளுங்கள். அங்கே அந்தச் சம்பள வருஷத்தின் முடிவில் டிராஃப்ட் என்று ஒரு வாசல் இருந்தது. இங்கே மூன்று வருஷத்தின் முடிவில் என்ன இருக்கிறது?

நம்ம ஊரில் இருக்கிற வாசலைச் சொல்கிறேன். ஜூனியர் வயது 18உடன் முடிந்துவிடும். அதற்கு மேல் சீனியர் டீமில் ஐஓபி, இந்தியன் வங்கி, ரயில்வே, வருமான வரித்துறை என்று வேலையில் இருக்கிற முற்றின ஆட்கள்தான் நிற்பார்கள், அவர்களைத் தள்ளிவிட்டு ஒரு 18 வயதுப் பையன் உள்ளே வருவது லேசில்லை. அந்த இடைவெளியைத் தாண்ட வைப்பது யுனிவர்சிட்டி ஆட்டம். மத்திய அரசு ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலைக்குப் படிவம் 1 முதல் 4 வரை சான்றிதழ் கேட்பார்கள்: நாட்டுக்காக ஆடினால் 1, தேசியப் போட்டியில் மாநிலத்துக்காக ஆடினால் 2, இன்டர் யுனிவர்சிட்டி என்றால் 3, பள்ளி தேசியப் போட்டிக்கு 4. அகாடமி தனக்குள் நடத்துகிற லீக்கில் நூறு ஆட்டம் ஆடினாலும் இந்த நாலில் எதுவும் வராது. அஞ்சல் வழியில் படிக்கிறவனை இன்டர் யுனிவர்சிட்டியில் சேர்க்கவும் மாட்டார்கள், ரெகுலர் மாணவனாக இருக்கவேண்டும். தமிழ்நாட்டு அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, அதற்கும் அங்கீகாரம் பெற்ற போட்டிகளின் சான்றிதழ்தான் பேசும். அனிதா பால்துரை இந்தியாவுக்குக் கேப்டனாக இருந்தவர், பத்மஸ்ரீ வாங்கியவர், அவரும் தெற்கு ரயில்வே வேலையில் இருந்துகொண்டுதான் அத்தனை வருஷம் ஆடினார்.

குளச்சல்காரன்:

பழைய கார்டு அண்ணன் சொன்ன தகவலை நான் மறுக்கவில்லை, ஆனால் முடிவு எனக்கு ஒத்துவரவில்லை. நானும் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் காலேஜ் போனவன்தான். எங்கள் காலேஜில் டோர்னமென்ட் வருவதற்கு இரண்டு வாரம் முன்னால்தான் பிராக்டிஸ் சூடு பிடிக்கும். மீதி நாளில் நாங்களே பந்தைத் தட்டிக்கொண்டிருப்போம். வெயிட் டிரெயினிங் சொல்லித்தர ஆள் இல்லை, என்ன சாப்பிடவேண்டும் என்று சொல்ல ஆள் இல்லை, ஹாஸ்டல் சாப்பாட்டில் முட்டை வாரத்துக்கு இரண்டு நாள். 17லிருந்து 20 வரைக்கும்தான் உடம்பு சொன்னபடி மாறும். 6 அடி 5 அங்குலத்தில் என்பிஏவில் கார்டு (வெளியில் நின்று பந்தைக் கொண்டுபோகிற இடம்) ஆடுவார்கள், வெளியூர் டீம்களிலும் இந்த உயரத்துக்குச் சென்டர் இடம் கிடையாது, அப்படியென்றால் அந்தப் பையன் இப்போதே பந்தைத் தட்டிக்கொண்டு போவது, வெளியிலிருந்து ஷூட்டிங் எல்லாம் புதிதாகப் படிக்கவேண்டும். அதைத் தினமும் நின்று சொல்லித்தர ஒரு நல்ல கோச் வேண்டும். காலேஜில் அவனைப் போஸ்டுக்குக் கீழே நிறுத்தி ரீபவுண்ட் எடுக்க வைத்தே மூன்று வருஷத்தை ஓட்டிவிடுவார்கள், ஏனென்றால் அவர்களுக்குக் கப் வேண்டும்.

அப்புறம் காசு. 20,000 ரூபாய் சிலருக்குச் சின்னதாகத் தெரியலாம். எங்கள் அப்பா கடலுக்குப் போகிறவர், மீன்பிடித் தடைக்காலத்தில் வீட்டில் என்ன நிலைமை என்று கடற்கரை ஊர்க்காரர்களுக்குத் தெரியும். ஒரு பையன் தன் விளையாட்டால் மாதாமாதம் வீட்டுக்குப் பணம் அனுப்பினால் அந்த விளையாட்டை வீட்டில் யாரும் தடுக்கமாட்டார்கள். விளையாடுகிறவனுக்குக் கூலி கொடுக்கவேண்டும் என்பது நியாயம்தானே. ஐரோப்பாவில் 15, 16 வயதிலேயே கிளப்பில் சேர்த்துவிடுகிறார்கள், பிரான்சிலிருந்து என்பிஏவுக்குப் போன வெம்பன்யாமா காலேஜ் வாசலை மிதிக்கவே இல்லை. நம்ம ஊரில் மட்டும் ஏன் எப்போதும் 'முதலில் டிகிரி, அப்புறம் ரயில்வே வேலை' என்பதற்கு மேல் யாரும் யோசிப்பதில்லை? சென்னை ஹீட் மாதிரி டீம்கள் வந்திருக்கின்றன. லீக் வளரும்போது தயாராக இருப்பவன்தான் உள்ளே போவான்.

பழைய பாயிண்ட் கார்டு:

தம்பி, கூலி கொடுக்கவேண்டும் என்பதில் உனக்கும் எனக்கும் சண்டையே இல்லை, காலேஜ் பயிற்சி பற்றி நீ சொன்னதும் நிஜம். ஆனால் லீக் வளரும் என்று நம்பி நம்ம வயசுப் பையன்கள் ஏற்கெனவே ஒரு தடவை காத்திருந்தார்கள். யுபிஏ என்ற தனியார் பாஸ்கெட்பால் லீக் 2015இல் வந்தது, சென்னை ஸ்லாம் டீமுக்கு எவ்வளவு கூட்டம், 2017க்கு அப்புறம் நின்றுபோனது. இப்போது நீ சொன்ன சென்னை ஹீட் ஆடுகிற ஐஎன்பிஎல் லீக் நடக்கிறது, நல்லது, ஆனால் வருஷம் முழுக்க வயிற்றைக் கழுவுகிற அளவுக்கு அதன் சீசன் நீளம் இல்லை. வெம்பன்யாமாவின் நாட்டில் வருஷத்தில் பெரும்பகுதி ஓடுகிற லீக் இருக்கிறது, மேலே ஒரு டிவிஷன், கீழே ஒரு டிவிஷன் என்று. அங்கே கிளப்பில் சேர்கிறவனுக்கு ஒரு இடத்தில் வேலை போனால் இன்னொரு இடம் உண்டு. சென்டர் இடம் பற்றி நீ சொன்னது மிகச் சரி, அண்ணாச்சி அதைக் குறித்துக்கொள்ளவேண்டும். காலேஜ் கோச்சிடம் முதல் கேள்வியே 'பையனை எந்தப் பொசிஷனில் வளர்ப்பீர்கள்' என்பதாக இருக்கட்டும்.

குழித்துறை வக்கீல்:

விளையாட்டு எனக்குத் தெரியாது, ஒப்பந்தம் தெரியும். பையனுக்கு 17 என்கிறீர்கள். 1872ஆம் வருஷ இந்திய ஒப்பந்தச் சட்டம் 11ஆம் பிரிவுப்படி 18 முடியாதவர் போடும் ஒப்பந்தம் செல்லாது, 1903இல் மோஹரி பீபி வழக்கில் பிரிவி கவுன்சில் (வெள்ளைக்காரன் காலத்து உச்ச மேல்முறையீட்டு மன்றம்) சொன்னது இன்றைக்கும் நிற்கிறது. இது அகாடமிக்காரர்களுக்கும் தெரியும். அதனால்தான் அப்பா கையெழுத்து, தாய்மாமன் கையெழுத்து என்று கேட்பார்கள். 'பையன் நடுவில் விலகினால் செலவழித்த இத்தனை லட்சத்தையும் நான் தருகிறேன்' என்று ஒரு வரி அதில் இருந்தால் அந்தப் பொறுப்பு பையன் தலையில் வராது, கையெழுத்துப் போட்டவர் தலையில் வரும். வழக்கு என்று வந்தால் 74ஆம் பிரிவின்படி நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும், எழுதிய தொகை முழுவதும் தானாகக் கிடைத்துவிடாது, ஆனால் அதை நிரூபிக்க நீங்கள் அந்த மாநிலக் கோர்ட்டுக்கு அலைய வேண்டியிருக்கும். எந்த ஊர்க் கோர்ட் என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதியிருப்பார்கள், தேடிப் பாருங்கள்.

இன்னும் சில வரிகளைத் தேடுங்கள். காயம் பட்டால் சம்பளம் எத்தனை மாதம் ஓடும், ஆபரேஷன் செலவு யாருடையது. அவர்கள் எப்போது வேண்டுமானாலும் ஒரு மாத நோட்டீசில் பையனை அனுப்பிவிடலாம், பையன் மட்டும் மூன்று வருஷம் விலகக் கூடாது என்று இருக்கிறதா. பின்னால் அவன் எங்கே ஆடிச் சம்பாதித்தாலும் அதில் பங்கு கேட்கிறார்களா. தமிழ்நாடு டீம் கேம்புக்குக் கூப்பிட்டால் விடுவார்களா. வாயால் சொன்ன எதையும் கணக்கில் எடுக்காதீர்கள்.

கருங்கல் அம்மா:

தம்பி, என் மகளும் பாஸ்கெட்பால்தான். திருவனந்தபுரம் பக்கம் ஒரு காலேஜில் கோட்டாவில் படிக்கிறாள், வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு அன்றைக்கே திரும்பிவிடலாம் என்றுதான் அங்கே சேர்த்தோம். இரண்டாம் வருஷம் தாவி இறங்கும்போது முட்டியில் லிகமென்ட் கிழிந்தது. ஆபரேஷன், பிசியோ, அந்த வருஷம் முழுக்கக் கோர்ட்டில் கால் வைக்கவில்லை. காலேஜ் ஆபரேஷனுக்குப் பெரிதாக ஒன்றும் தரவில்லை, எங்கள் பணம்தான் போனது. ஆனால் சீட்டை எடுக்கவில்லை, ஹாஸ்டலை எடுக்கவில்லை, அவள் படித்துப் பரீட்சை எழுதினாள். இப்போது மெல்ல ஆட ஆரம்பித்திருக்கிறாள், அடுத்து பி.பி.எட். (உடற்கல்வி ஆசிரியர் படிப்பு) படிக்கவேண்டும் என்கிறாள். அந்த ஒரு வருஷம் அவள் 'விளையாடாத பிள்ளை'யாக இருந்தபோதும் அவளுக்கு ஓர் இடம் இருந்தது பாருங்கள், அதைத்தான் நான் உங்கள் அக்காவுக்குச் சொல்வேன்.

எங்களுக்குக் கொஞ்சம் ரப்பர் உண்டு. மரம் பருவத்துக்கு வருமுன் பாலுக்கு ஆசைப்பட்டுக் கத்தி வைத்தால் பட்டை கெட்டு அப்புறம் மரமே உதவாது. 17 வயதுப் பிள்ளைக்கும் எலும்பு முற்றவில்லை, தினமும் இரண்டு வேளை கடும் பயிற்சி என்றால் யார் பார்த்துக்கொள்கிறார்கள், பிசியோ அங்கேயே இருக்கிறாரா என்று நேரில் போய்ப் பாருங்கள். வீடியோவைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

தக்கலை தாய்மாமன்:

எல்லோருக்கும் நன்றி, ஒவ்வொன்றையும் பையனையும் பக்கத்தில் வைத்துப் படித்தேன். இக்னைட் மூடியது அவனுக்கே தெரிந்திருக்கிறது, எங்களிடம் சொல்லவில்லை. குளச்சல் தம்பி எழுதியதை மட்டும் இரண்டு தடவை படித்தான்.

அகாடமிக்கு ஃபோன் போட்டேன். காயம் பட்டால் 'கேஸைப் பொறுத்துப் பார்ப்போம்' என்கிறார்கள். ஸ்டேட் கேம்புக்கு விடுவது கோச் முடிவு. ஒப்பந்த நகல் முதலில் தரமாட்டோம், வந்து சேரும் அன்றைக்குத் தருவோம் என்றார்கள், நான் விடாமல் கேட்டதில் இப்போது மெயிலில் வந்திருக்கிறது, 14 பக்கம். பையன் விலகினால் 6 லட்சம் என்று ஒரு வரி இருக்கிறது. அத்தானிடம் சொன்னேன், அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

அதே சமயம் காலேஜ் கோச்சிடமும் பேசினேன். சென்டர்தான் ஆடவேண்டும், டீமுக்கு அதுதான் தேவை என்று நேராகச் சொல்லிவிட்டார். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு பக்கம் பயிற்சி இருக்கிறது, பாதுகாப்பு இல்லை. மறுபக்கம் பாதுகாப்பு இருக்கிறது, பையன் வளர்வானா தெரியவில்லை. பழைய கார்டு அண்ணே, வேறு வழி உண்டா?

பழைய பாயிண்ட் கார்டு:

உண்டு அண்ணாச்சி. கூப்பிட்ட காலேஜ் ஒன்றுதான் என்பதால் இருக்கிற காலேஜும் ஒன்றுதான் என்று நினைத்துவிடாதீர்கள். சென்னையிலும் கோயம்புத்தூரிலும் பாஸ்கெட்பாலை உயிராக நினைக்கிற காலேஜ்கள் இருக்கின்றன, ஏப்ரல், மே மாதம் செலக்ஷன் டிரயல் வைப்பார்கள், இன்னும் நேரம் இருக்கிறது. டிரயலுக்கு முந்தின நாளே போய் அவர்கள் மாலை பிராக்டிஸ் செய்வதைக் கோர்ட் ஓரத்தில் உட்கார்ந்து பாருங்கள். உயரமான பையன்களைப் பந்து தட்ட விடுகிறார்களா, ஜிம் திறந்திருக்கிறதா, சீனியர் பையன்கள் எந்த வங்கி, எந்த ரயில்வே டீமுக்குப் போயிருக்கிறார்கள் என்று அந்தப் பையன்களிடமே கேளுங்கள், கோச்சைவிட அவர்கள் உண்மையைச் சொல்வார்கள். மத்திய அரசின் கேலோ இந்தியா விளையாட்டுத் திட்டத் தேர்வையும் விடாதீர்கள், அதில் எடுபட்டால் பயிற்சியோடு மாதம் 10,000 ரூபாய் கைச்செலவுக்குக் கிடைக்கும், அதற்காகப் படிப்பை விடவேண்டியதில்லை. 20 வயதில் பையன் உண்மையிலேயே பெரிய ஆட்டக்காரனாக நின்றால் அன்றைக்குச் சம்பளத்தோடு கூப்பிட ஆள் வரும், அன்றைக்கு அவனுக்கு 18 முடிந்திருக்கும், தானே கையெழுத்துப் போடட்டும்.

குளச்சல்காரன்:

அந்த மாமா வீட்டுப் பையனிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள். காலேஜ் போனாலும் இப்போதிருந்தே இடது கையால் தட்டப் பழகச் சொல்லுங்கள், தினமும் வெளியிலிருந்து ஷாட் போடச் சொல்லுங்கள், யாரும் சொல்லித்தரவில்லை என்று காத்திருக்கவேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் கொஞ்சம் பேர் நாகர்கோவிலில் ஆடுகிறோம், எல்லாரும் இருபத்தைந்துக்கு மேல், நல்ல இடி இடிப்போம். வரச் சொல்லுங்கள், கார்டு ஆட விடுகிறோம்.

குழித்துறை வக்கீல்:

அந்த 14 பக்கத்தையும் பிரின்ட் எடுத்துக்கொண்டு வாருங்கள். இரண்டாம் சனிக்கிழமை கோர்ட் கிடையாது, காலையிலேயே வந்தால் உட்கார்ந்து வரி வரியாகப் பார்த்துவிடலாம். அத்தானை வீடியோ காலில் சேர்த்துக்கொள்ளுங்கள். பையனையும் கட்டாயம் கூட்டிக்கொண்டு வாருங்கள், அவன் வாழ்க்கையைப் பற்றிய காகிதம், அவனும் படித்துப் பார்க்கட்டும்.

தக்கலை தாய்மாமன்:

வருகிறோம் சார். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு அவன் இப்போதே ஷூவை எடுத்து வைத்துவிட்டான், எந்த கோர்ட், எத்தனை மணிக்கு என்று மட்டும் தம்பி சொல்லுங்கள்.